வெள்ளைக் கயிறு, சிவப்புக் கயிறு

மூவாரில் மழை பெய்வதற்கு முன்னால் ரம்லாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும் என்று அப்துல் ஹலீம் தன் சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதுண்டு. கேலிதான், ஆனால் முழுக்கக் கேலி இல்லை. காலையில் கடைக்கு மேலே இருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் நின்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னிக்கு மழை இல்ல" என்று அவர் மனைவி சொன்னால் அன்றைக்குப் பெரும்பாலும் மழை இருக்காது. உப்புக்கண்டம் போடுகிறவளுக்கு வானம் தெரியாவிட்டால் பிழைப்பு நாறிப்போகும், அதுவும் உண்மையாகவே நாறிப்போகும்.

ரம்லாவின் உப்புக்கண்டம் மலேசியாவின் மூவார் ஊரில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் பேர் போனது. மாட்டிறைச்சியைக் கொழுப்பு நீக்கி, விரல் கனத்துக்கு நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கோணி ஊசியால் கயிற்றில் கோத்து, கொசுவலைக்கு உள்ளே வெயிலில் தொங்கவிடுவாள். பொழுது சாய எடுத்துவைப்பாள், விடிந்ததும் மறுபடி தொங்கவிடுவாள். சுள்ளி மாதிரி ஒடிகிற பதம் வந்தால்தான் டின்னுக்குள் போகும். அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் இரண்டு துண்டை எடுத்து நசுக்கி எண்ணெயில் போட்டால் போதும், பருப்புச் சோறுகூடப் பிரியாணியைப் பார்த்துச் சிரிக்கும்.

இப்படிப்பட்ட சாமானுக்கு அவள் புருஷன் கடையிலேயே இடம் கிடையாது. அதுதான் ரம்லாவின் மனதில் முள். கடையின் முன்பக்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மீன்தலைக் கறி, கணவாய், கோழி, மாட்டு ஈரல் என்று வரிசையாகத் தட்டுகள் இருக்கும். ஒருமுறை அவள் ஒரு தட்டு நிறைய உப்புக்கண்டம் பொரித்துக் கொண்டுபோய் கணவாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். சாப்பிட வந்த ஒருவர் மூக்கைச் சுளித்து, இது என்ன வாடை என்று கேட்டார். ஹலீம் உடனே தட்டைத் தூக்கிக் கொண்டுவந்து அடுக்களையில் வைத்துவிட்டார்.

"இது வீட்டுச் சாமான் ரம்லா, கடைச் சாமான் இல்ல" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. வாடிக்கையாளர் முகம் கோணினால் இவருக்கு வயிறு கோணும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தட்டு திரும்பி வந்ததை ரம்லா மறக்கவில்லை. நாலு பேர் பார்க்கிற மேசையில் என் உப்புக்கண்டம் ஒருநாள் உட்காரத்தான் போகிறது, வந்தவர்கள் அதன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் போகிறார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் ஒன்றைச் சொல்லிக்கொண்டால் அது நடந்தது போலத்தான்.

அந்த மேசை ஜோகூர் பாருவிலிருந்து வந்தது. அங்கே ஒரு பெரிய ஓட்டலில் தலைமைச் சமையல்காரனாக இருக்கும் ஆசிம், ஒரு கல்யாண வீட்டில் அவள் கைப்பக்குவத்தை ருசி பார்த்தவன். உலகத்தில் எங்கெங்கே இறைச்சியைக் காயவைத்துச் சாப்பிடுகிறார்களோ அங்கிருந்தெல்லாம் வரவழைத்து ஒரு விருந்து போடப் போவதாகத் தொலைபேசியில் சொன்னான். தென்னாப்பிரிக்காவின் பில்டோங், துருக்கியின் பஸ்துர்மா, தென்னமெரிக்க மலைக்காரர்கள் குளிரில் காயவைக்கும் சார்க்கி, சுமத்ராவின் மினாங்காரர்களின் டென்டெங், கோழி இறைச்சியில் செய்த சீனப் பாக்குவா, எல்லாம் உண்டாம். நம்முடையது இல்லாமல் இருந்தால் அவனுக்குத் தலை இறக்கமாம். விருந்து நன்றாகப் போனால் மாதாமாதம் வாங்கிக்கொள்வதாகவும், சாமானை எடுக்கத் தானே மூவாருக்கு வருவதாகவும் சொன்னான்.

ரம்லா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "வாங்க தம்பி, இருக்கும்" என்றாள்.

விருந்துக்கு முன்னால் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. அன்று இறைவனுக்காக அறுக்கும் குர்பானி மாட்டில் வீட்டுக்கு ஒரு பங்கு உண்டு. குர்பானி இறைச்சியை உறவுக்கும் ஏழைக்கும் கொடுத்தது போக, வீட்டுக்கென்று நிற்பதில் ஒரு பகுதியை உப்புக்கண்டம் போடுவது அவர்கள் வழக்கம். வருஷம் முழுவதும் வருகிற விருந்தாளிகள் இலையில் அது விழும். அதில் ஒரு கண்டிப்பு உண்டு. குர்பானி இறைச்சியைத் தின்னலாம், ஊட்டலாம், கொடுக்கலாம், விற்கக் கூடாது. தோலைக்கூட விற்கக் கூடாது என்பார்கள். இது அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வெயில் நன்றாக இருந்த வாரம் அது. ரம்லாவுக்கு இருப்பது ஒரே மாடி. குர்பானிக் கறியையும், ஓட்டலுக்கென்று பாசாரில் காசு கொடுத்து வாங்கிய கறியையும் ஒரே நேரத்தில் காயப்போட முடிவு செய்தாள். குழப்பம் வராமல் இருக்க ஓர் ஏற்பாடு செய்தாள். கடையில் பொட்டலம் கட்டுகிற ராஃபியா என்ற பிளாஸ்டிக் கயிறு கட்டுக்கட்டாக இருந்தது. குர்பானிக்கு வெள்ளைக் கயிறு, ஓட்டலுக்குச் சிவப்புக் கயிறு. ஒரே மாடியில் இரண்டு வரிசை. ஹலீமின் தம்பி சாஜித் அதைப் பார்த்து, கயிறு அவிழ்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டான். கண்ணைக் கட்டிவிட்டாலும் என் கறியை நான் சொல்வேன் என்று ரம்லா மார்தட்டினாள். அந்தப் பேச்சைப் பிற்பாடு அவளே மென்று விழுங்க வேண்டி வந்தது.

கண்டம் ஒடிகிற பதத்துக்கு வந்த அன்று, செடெனாக்கில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மௌத்தாகிவிட்டார் என்று செய்தி வந்தது. போகாமல் இருக்க முடியாது. ரம்லா மாடியில் நின்று வானத்தைப் பார்த்தாள். இன்று மழை இல்லை, சாயங்காலம் நானே வந்து எடுத்துவைக்கிறேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு சாஜித்தின் காரில் ஏறினாள்.

வானம் அன்றைக்கு அவளைக் கேட்கவில்லை. சுமத்ரா பக்கமிருந்து கடலைத் தாண்டி வரும் காற்றுமழை, விருந்தாளி மாதிரி முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வராது. செடெனாக்கில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது மூவாரில் கூரைகள் பறந்துகொண்டிருந்தன. ஹலீமிடமிருந்து அழைப்பு வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். மழை வந்துவிட்டதென்றும், கடையை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாகவும், ஒரு துண்டுகூட நனையவில்லை, நீ பதறாதே என்றும் சொன்னார். முட்டி வலியில் மொட்டை மாடிப்படியையே மறந்துவிட்ட மனிதர் அவர். ரம்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் சாஜித்திடம் புருஷன் பெருமையே பேசிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அடுக்களை மேசைமேல் கடையின் மிகப் பெரிய தட்டு. அதில் கறித்துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக, பொரித்த கோழியை அடுக்குவது போல அழகாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றையும் சுத்தமான துணியால் துடைத்திருந்தார். பக்கத்து ஆணியில் வெள்ளைக் கயிறும் சிவப்புக் கயிறும் வெறுமனே தொங்கின.

"கயிறு?" என்றாள் ரம்லா.

"முனையெல்லாம் நனைஞ்சு போச்சுலா. ஈரக் கயிறு கறியைக் கெடுத்துடும்னு எல்லாத்தையும் உருவிட்டேன்." ஹலீமின் முகத்தில் பாராட்டை எதிர்பார்க்கும் சிரிப்பு. "எப்படி அடுக்கியிருக்கேன் பாரு."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது. ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கோபப்படவும் அவளால் முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தாள். முகர்ந்தாள். ஒடித்தாள். வெளிச்சத்தில் காட்டி நார் ஓடும் பக்கத்தைப் பார்த்தாள். வேறு யாராவது அரிந்திருந்தால் ஒன்று தடிமனாகவும் ஒன்று மெலிந்தும் போயிருக்கும். இவள் அரிந்தது எல்லாம் ஒரே கனம், ஒரே நீளம், ஒரே நிறம். நல்ல கறி வேண்டுமென்று ஓட்டலுக்கும் குர்பானி அறுத்த அதே கசாப்புக்காரரிடம், அதே ஜாதி மாட்டில்தான் வாங்கியிருந்தாள். ஊரே மெச்சிய கை நேர்த்திதான் இப்போது அவள் கழுத்தை அறுத்தது.

என்ன நடந்துவிட்டது என்று ஹலீமுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்ததும் அவர் முகம் தொங்கிவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டேனே என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

சாஜித்துக்கு எந்தச் சிக்கலும் சிக்கலே இல்லை. ஊரில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருப்பவன், பழசைப் புதுசாக்கத் தெரிந்தவன். அவன் இரண்டு வழி சொன்னான். குர்பானிக் கறி எவ்வளவு இருந்ததோ அந்த எடைக்கு எடுத்துத் தனியாக வைத்துவிட்டு மீதியை விற்றுவிடலாம். மனசு ஒப்பவில்லை என்றால், எல்லாவற்றையும் ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட்டு, அவரிடமிருந்து திரும்ப விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். ஏழை விற்றால் தப்பில்லை என்று எங்கேயோ கேட்டிருக்கிறானாம்.

ஹலீமும் தலையாட்டினார். அவர் பிறவி வியாபாரி. செய்த தவறு வேறு நெஞ்சை அழுத்தியது, அது எப்படியாவது சரியாகிவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

ரம்லா பள்ளிவாசல் இமாமை அழைத்துக் கேட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எடை பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்களும் உண்டு, பேணுதலாக ஒதுங்கிக்கொள்பவர்களும் உண்டு, உன் மனசு எதில் அமைதியாகிறதோ அதைச் செய் என்றார். கதவைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே போவதும் போகாததும் உன் இஷ்டம் என்று சொன்னது போல ஆயிற்று.

"அப்புறம் என்ன மைனி, ஹஸ்ரத்தே வழி சொல்லிட்டாரு" என்றான் சாஜித்.

ரம்லா தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இது எதுல உள்ளது, சொல்லு."

அவன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"எனக்கும் தெரியல. என் கையால அரிஞ்சது, எனக்கே தெரியல. நாளைக்கு அந்த ஓட்டல்ல ஒருத்தர் காசு குடுத்துத் தின்னுற துண்டு எதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி நான் விக்க மாட்டேன்."

"ஏழைக்குக் குடுத்துட்டு வாங்கினா?"

"அது முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறது. அல்லாஹ்வுக்கு முன்னாடி கண்ணாமூச்சி ஆடச் சொல்றியா?"

சட்டம் விட்ட இடத்தில்கூட நிற்க மறுக்கிறவளிடம் என்ன பேசுவது? சாஜித் எழுந்து போய்விட்டான். ஆசிமுக்கு என்ன பதில் சொல்வது என்று ஹலீம் மெல்லக் கேட்டார். அவன் வருவதற்குள் புதுசாகப் போட்டுக் காயவைத்துவிடுவேன் என்றாள் ரம்லா. நேற்று வரை மழையைச் சரியாகச் சொன்னவள், ஒருநாள் தவறியதற்காக வானத்தின்மேல் நம்பிக்கை இழந்துவிடுவாளா? மறுநாளே பாசாருக்குப் போய் மறுபடி கறி வாங்கினாள். இந்தமுறை எல்லாமே சிவப்புக் கயிறு.

அந்தப் பெரிய தட்டை மட்டும் வீட்டில் வைத்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை. கண்ணில் படும்போதெல்லாம் கை அதை நோக்கிப் போனது. விற்றுவிடு, விற்றுவிடு என்று உள்ளே ஒரு குரல் நச்சரித்தது. அதனால் ஒரு சின்ன டின் அளவு வீட்டுக்கு வைத்துக்கொண்டு, மீதியைப் பொட்டலமாகக் கட்டித் தெருவுக்கே கொடுத்துவிட்டாள். எதிர்வீட்டு மினாங்கார அத்தை மக்சிக் ரொஹானாவுக்கு ஒரு பொட்டலம், தெருவில் உள்ள மற்ற வீடுகளுக்கு ஆளுக்கொன்று. தெருக்கோடியில் நாற்காலித் தொழிற்சாலையின் பங்களாதேஷ்காரத் தொழிலாளிகள் தங்கியிருந்த வீட்டுக்கு ஒரு பெரிய பை. பெருநாளுக்கு ஊருக்குப் போக முடியாமல் கிடந்தவர்கள் அவர்கள். பையைத் திறந்து முகர்ந்த ஒருவர், மஞ்சள் தடவிக் கயிற்றில் கோத்துக் காயவைத்ததா என்று அரைகுறை மலாயில் கேட்டார். தன் ஊரில் குர்பானிக்குப் பிறகு தன் அம்மாவும் இப்படித்தான் போடுவாள் என்றார். பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

மழை விடவில்லை. விடிந்தால் மூட்டம், மத்தியானம் ஒரு கீற்று வெயில், அதைப் பார்த்து மாடிக்கு ஓடினால் திரும்ப மூட்டம். ரம்லா கறியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் அடுக்களைக்குமாக ஏறி இறங்கினாள். விசிறியை வைத்துப் பார்த்தாள். வெளியே தொட்டால் காய்ந்தது போல இருந்தது, வளைத்துப் பார்த்தால் உள்ளே ஈரம். ஆசிம் வருகிற நாளும் வந்துவிட்டது.

அவன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத் தெருவுக்குள் நுழைந்தான். காரை நிறுத்தியதுமே மூக்கைப் பிடித்து இழுத்தது வாசம். எந்த வீடு என்று விசாரிக்க அவன் தொழிலாளிகள் தங்கிய வீட்டில் தலையை நீட்ட, அவர்கள் அவனை உட்காரவைத்துவிட்டார்கள். கடுகெண்ணெயில் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கிய உப்புக்கண்டம், சோற்றோடு. அடுத்து, எதிர்வீட்டு வாசலில் வழி கேட்டபோது மக்சிக் ரொஹானா விடவில்லை. அவள் அதையே இடித்துத் தட்டையாக்கி, டென்டெங் மாதிரி சிவப்பு மிளகாய் அரைத்துப் புரட்டியிருந்தாள். ரம்லாவின் மாடிப்படி ஏறியபோது அவன் நெற்றி வியர்த்து, வயிறு நிரம்பி, முகம் மலர்ந்திருந்தது.

"அக்கா, இந்தத் தெருவுலயே என் விருந்து நடக்குது" என்றான். "எல்லாம் உங்க கறின்னாங்க. ஒரே கறி, வீட்டுக்கு வீடு வேற ருசி. அப்படியே எடுத்துட்டுப் போகணும் போல இருக்கு."

ரம்லா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு ஒளிக்காமல், சுற்றி வளைக்காமல் நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், உங்களுக்குக் கொடுக்க என்னிடம் இன்று ஒன்றும் இல்லை என்றாள். மாடியில் தொங்கிய புதுக் கண்டத்தில் ஒன்றை எடுத்து அவன் எதிரே வளைத்துக் காட்டினாள்.

"வளையுது பாருங்க. ஒடியணும். இதைக் குடுத்தா உங்க மேசையிலயே பூஞ்சை பிடிக்கும்."

ஓட்டலில் காயவைக்கிற இயந்திரம் இருக்கிறது, மீதியை அதில் பார்த்துக்கொள்ளலாம் என்றான் ஆசிம். தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் அது உங்கள் சாமானாகிவிடும், என் பெயரைப் போடாதீர்கள் என்றாள் ரம்லா. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுக்களையைச் சுற்றிப் பார்த்தான். அலமாரியில் இருந்த டின் கண்ணில் பட்டது. கேட்காமலே அது என்னவென்று தெரிந்தது அவனுக்கு.

"அது மட்டும் போதும் அக்கா. மேசையில ஒரு சின்னத் தட்டு வச்சிடலாம். என்ன விலை சொன்னாலும் சரி. எதுல உள்ளதுன்னு யாருக்கும் தெரியப் போறதில்ல."

ஒரு சின்னத் தட்டு. அவள் கனவு கண்டது அதே அளவுத் தட்டுதான். பஸ்துர்மாவுக்கும் டென்டெங்குக்கும் நடுவில் அது உட்கார்ந்திருப்பதும், பளபளக்கும் உடுப்பில் வந்தவர்கள் குனிந்து பெயரைப் படிப்பதும் ஒரு கணம் அப்படியே கண்முன் வந்துபோயின. வாயைத் திறந்தாள். அவள் பேசுவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, அது விலைக்கு இல்ல."

கடையில் நடுவேளைக் கூட்டத்தை விட்டுவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஹலீம் படியேறி வந்து நின்றிருந்தார். தேத்தண்ணியில் போடும் ஐஸையும் கணக்குப் பார்த்து விற்கிற மனிதர். அவர் வாயிலிருந்து விலைக்கு இல்லை என்ற சொல் வந்து ரம்லா கேட்டதே இல்லை. திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் ஆசிமையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ சொல்லிட்டா இல்லியா, எது சரின்னு அவளுக்குத் தெரியும்" என்றார். "நீங்க எங்க வீட்டு விருந்தாளி. உக்காருங்க, சாப்பிடுங்க. உங்க அம்மாவுக்குக் கொஞ்சம் கட்டித் தரோம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஓட்டலுக்கு இல்ல."

வயிறு நிரம்பியிருந்தாலும் ஆசிம் மூன்றாவது தடவையாக உட்கார்ந்தான். ரம்லா டின்னைத் திறந்து, நசுக்கிப் பொரித்து, பருப்புச் சோற்றோடு வைத்தாள். அவன் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். ஓட்டலுக்குச் சாமான் கொண்டுவருகிறவர்கள் எல்லாம் இதுதான் அது, அதுதான் இது என்று சத்தியம் பண்ணுவார்கள் என்றும், எனக்குத் தெரியாது என்று சொல்லி யாரும் சாமானைத் திருப்பி வைத்துப் பார்த்ததில்லை என்றும் கை கழுவும்போது சொன்னான். அதற்காகத் தேதியைத் தள்ளிவைக்க முடியாது, விருந்து விருந்துதான் என்றும் சேர்த்துச் சொன்னான்.

"தள்ளாதீங்க" என்றாள் ரம்லா. "வெயில் வரும். வந்ததும் நானே கூப்பிடுறேன்."

அம்மாவுக்கென்று கட்டிய பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பியவன், அடுக்களை ஆணியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு கயிறுகளையும் பார்த்து நின்றான். இதையாவது தருவீர்களா என்று கேட்டான். கயிற்றுக்கு ஹராம் ஹலால் ஒன்றும் இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரம்லா சிரித்துவிட்டாள்.

விருந்தன்று ஹலீமின் தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார், பிறகு படியேறி மனைவியிடம் கொண்டுபோனார். நீண்ட மேசை. தட்டுத் தட்டாக உலகத்துக் கறியெல்லாம். பஸ்துர்மாவுக்கும் டென்டெங்குக்கும் நடுவில் ஒரு மரச் சட்டம், அதில் ஒரு வெள்ளைக் கயிறும் ஒரு சிவப்புக் கயிறும், கறி இல்லாமல், வெறுமனே. கீழே ஓர் அட்டையில் மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது: உப்புக்கண்டம். மூவார், ரம்லா வீட்டு மாடி. இன்னும் காயவில்லை.

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள், எப்போது காயும் என்று பெயரும் எண்ணும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று ஆசிம் எழுதியிருந்தான். மாதாமாதம் வாங்குவதாகச் சொன்னது அப்படியே இருக்கிறது, வெயில் வந்ததும் சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தான்.

ரம்லா படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தாள். நாலு பேர் பார்க்கிற மேசை, நாலு பேர் கேட்ட பெயர். அடக்கிவைத்த சந்தோஷம் பொங்கி வந்தது. அதை ஹலீமுக்குக் காட்டவேண்டாம் என்று வியர்வையைத் துடைப்பது போல முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முடிச்சு தப்பு" என்றாள். "இப்படிப் போட்டா கறி நழுவிடும். அடுத்த தடவை நானே போய்க் கட்டணும்."

வெயில் வந்தது. அவள் சொன்னால் வந்துதானே ஆகவேண்டும்? சிவப்புக் கயிற்றுக் கண்டமெல்லாம் சுள்ளி மாதிரி ஒடிந்தது. ஆசிமுக்கு அனுப்பவேண்டியதைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஹலீம் மேலே வந்தார். கடையின் வெறும் தட்டு ஒன்றை நீட்டினார். ரம்லா அவர் முகத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள்.

பொரித்த உப்புக்கண்டத்தை அவரே கீழே கொண்டுபோய்க் கணவாய்க்குப் பக்கத்தில் வைத்தார். மாடிப்படியின் பாதியில் நின்று ரம்லா பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வந்த வாடிக்கையாளர் மூக்கை உறிஞ்சி, இது என்ன வாடை என்று கேட்டார். ஹலீமின் கை தட்டை நோக்கிப் போயிற்று. ரம்லா ஒரு படி கீழே இறங்கினாள். அவர் தட்டைத் தூக்கவில்லை, முன்னால் நகர்த்தினார்.

"உப்புக்கண்டம்" என்றார் அப்துல் ஹலீம். "எங்க வீட்டுச் சாமான்."